அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நான்காம் கட்டப் புற்றுநோய்: கொழும்பில் கூட இருந்து பார்ப்பவர்களுக்கு

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாரைக் கேட்பது, அப்பாவிடம் சொல்வதா விடுவதா, ஒன்றும் தெரியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமைக்கு எப்படிப் போவது என்பதைக்கூடப் பக்கத்து வீட்டு அன்ரியிடம்தான் கேட்டேன். அதன் பிறகு அப்பாவோடு பத்தொன்பது மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இப்போதுதான் ரிப்போர்ட் கைக்கு வந்து, என்ன செய்வது என்று நிற்பவர்களுக்காக.

நான் டாக்டர் இல்லை. மருந்து, அதன் அளவு பற்றியெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. கூட இருப்பவருக்கு உரிய வேலைகளைப் பற்றித்தான் நான் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு பைல், ஒரு கொப்பி

ஓர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட் இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு தடித்த பைல் வாங்கி, பயோப்சி (கட்டியின் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட், சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதன் படங்கள் உள்ள இறுவட்டும், வார்ட்டிலிருந்து வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைகள், அடையாள அட்டையின் போட்டோ கொப்பி எல்லாவற்றையும் திகதி வரிசையில் போடுங்கள். எல்லாவற்றையும் போனில் படமும் எடுத்து வையுங்கள். இவற்றில் பயோப்சி ரிப்போர்ட்தான் முக்கியம். என்ன வகைப் புற்றுநோய் என்பதை உறுதியாகச் சொல்வது அதுதான். அது இல்லாமல் புற்றுநோய் டாக்டர் பெரும்பாலும் மருந்தைத் தொடங்க மாட்டார்.

அடுத்தது ஒரு சி.ஆர். கொப்பி. என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "வியாழன். மருந்து ஏற்றி 3ஆம் நாள். காலை 98.4. இடியப்பம் இரண்டு, சொதி. விரல் நுனி விறைப்பு, பிரிஜ் கதவைத் தொட்டதும் சுரீர் என்றதாம். 11 மணிக்கு ஒரு தரம் வாந்தி. நேற்றிலிருந்து மலம் போகவில்லை. இரவு தூக்கம் இல்லை." மூன்று வாரம் கழித்து டாக்டர், "போன முறை எப்படி இருந்தது?" என்று கேட்பார். கொப்பி இல்லாவிட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அப்பா எப்போதும் அப்படித்தான் சொல்வார். அந்தப் பக்கத்தைக் காட்டிய அன்றுதான் டாக்டர் மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். விரல் விறைப்பைக் கவனிக்காமல் விட்டால் நிலைத்துப்போகலாம் என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

வழக்கமாக எடுக்கும் சீனி, பிரஷர், இருதய மருந்துகளின் பெயர்களையும் அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வாஃபரின் போன்ற சில மருந்துகள் சில புற்றுநோய் மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.

2. எங்கே போவது

பெரும்பாலானவர்கள் போவது மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு. எல்லாரும் 'மகரகம ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் ஹைலெவல் வீதியால் நுகேகொடை தாண்டிப் போகும். கோட்டையிலிருந்து களனிவெளிப் பாதை ரயிலிலும் போகலாம், மகரகமையில் ஸ்டேஷன் உண்டு. போகும்போது பஸ்ஸோ ரயிலோ சரி. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். மருந்து ஏற்றிய உடம்போடு நெரிசலான பஸ்ஸில் நிற்க வைக்கக் கூடாது.

தனியார் ஆஸ்பத்திரியிலும் கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏற்றுகிறார்கள். ஆனால் மருந்து ஒரு தரத்தோடு முடிவதில்லை, மாதக்கணக்கில் போகும். கையில் இருக்கும் காசு ஆறாவது தரத்துக்கும் வருமா என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாங்கள் செய்தது இதுதான்: ஒரு டாக்டரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணி, ஆறுதலாக இருந்து எல்லாச் சந்தேகங்களையும் கேட்டோம். சிகிச்சையை அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்தோம். வெளியில் பார்க்கும் டாக்டர்களில் பலர் அரசாங்கத்திலும் வேலை செய்பவர்கள்தான்.

ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டி வந்தவர்களுக்கு ஒன்று. தெல்லிப்பளையிலும் மட்டக்களப்பிலும் கண்டியிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய காசில் எழுந்தது. கொழும்பில் தொடங்கிய மருந்தை ஊருக்குக் கிட்டத் தொடர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் இரவு பஸ்ஸில் வந்து போவது ஒரு நோயாளியின் பாதிப் பலத்தைத் தின்றுவிடும். கொழும்பில்தான் தங்க வேண்டும், உறவுக்காரர் யாரும் இல்லை என்றால், வெளியூர் நோயாளிகள் இலவசமாகத் தங்கும் வீடுகள் மகரகமையில் இருக்கின்றன. சி.சி.சி. ஹவுஸ் அவற்றில் ஒன்று. வார்ட்டில் மிஸ்மாரிடம் (தாதியரிடம்) கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சொந்தக்காரர் கட்டாயம் வற்புறுத்துவார்கள். சென்னையிலும் வேலூரிலும் நல்ல ஆஸ்பத்திரிகள் இருப்பது உண்மைதான். ஆனால் போவதற்கு முன் ரிப்போர்ட்டுகளை அனுப்பி, "இங்கே தரும் மருந்தை விட வேறு ஏதும் தருவீர்களா?" என்று கேளுங்கள். எங்களுக்கு அதே மருந்தின் பெயரே பதிலாக வந்தது. அதனால் அப்பாவை இந்தியாவுக்குக் கொண்டுபோகவில்லை.

3. கிளினிக் நாள்

விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும். கீமோ ஏற்றுவதற்கு முன் இரத்தத்தில், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களையும் இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டையும் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை எந்த நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். அதற்காகப் பயப்படத் தேவையில்லை. பலருக்கும் நடப்பதுதான்.

பையில் என்ன வேண்டும் என்றால்: சால்வை அல்லது மெல்லிய போர்வை, சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், மரி பிஸ்கட், துவாய், வாந்திக்கு இரண்டு மூன்று பொலித்தீன் பை. ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏற்றுபவர்களுக்குக் குளிர் ஆகாது. ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் தொண்டை அடைப்பது போல இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் முதல் ஐந்து நாளும் அப்பாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

சிங்களம் தெரியாதவர்களுக்கு ஆஸ்பத்திரி பெரிய மலைப்பு. தமிழ் தெரிந்த டாக்டர்களும் மிஸ்மாரும் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சிங்களம் தெரியாத உங்கள் அம்மாவோ அப்பாவோ இரவில் தனியாக வார்ட்டில் இருக்க நேர்ந்தால், இந்தச் சில சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்: நோகிறது என்பதற்கு "ரிதெனவா". காய்ச்சல் "உண". வாந்தி "வமனய". மூச்சு விடக் கஷ்டம் "ஹுஸ்ம கன்ன அமாருய்". இந்த நாலு சொல்லும் போதும், ஆபத்தை ஒரு நோயாளி தன் வாயால் சொல்லிவிடலாம்.

4. டாக்டரிடம் கேட்க வேண்டியது

முதல் சந்திப்பில் பத்துக் கேள்வி கேட்க நேரம் கிடைக்காது. ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த மருந்து எதற்காக? நோயை முற்றாக மாற்றுவதற்கா, வளராமல் பிடித்து வைப்பதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா?"

நான்காம் கட்டம் என்றால் நோய் தொடங்கிய இடத்தை விட்டு வேறு உறுப்புக்கும் போய்விட்டது என்று அர்த்தம். நாளைக்கே முடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. சிலருக்கு ஈரலில் உள்ள கட்டியைக்கூட வெட்டி எடுக்க முடிகிறது. ஆனால் பெரும்பாலும் சிகிச்சையின் நோக்கம் காலத்தைக் கூட்டுவது, அந்தக் காலத்தை நோகாமல் கழிக்கச் செய்வது. இது விளங்கிவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் வேறு மாதிரி ஆகிவிடும். மருந்துக்காக அப்பாவின் நாட்களைச் செலவழிக்கிறோமா, அப்பாவின் நாட்களுக்காக மருந்து கொடுக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்கத் தோன்றும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு நல்லூர்த் திருவிழாவுக்குப் போக ஆசை. அடுத்த மருந்து அதே கிழமையில் வந்தது. கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டதும் டாக்டர் கலண்டரைப் பார்த்து, "ஒரு கிழமை பிந்தினால் பரவாயில்லை, போய் வாருங்கள். சன நெரிசலுக்குள் மட்டும் விட வேண்டாம்" என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலும் மூன்றாவது வாரம்தான் உடம்பு தேறி இருக்கும் வாரம். கலியாண வீடு, கோயில், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் எல்லாவற்றையும் அந்த வாரத்தில் வையுங்கள். தேரடிக்கு அப்பா போகவில்லை. வெளிவீதியில் ஒரு கதிரை போட்டு, முகக்கவசத்தோடு இருந்து கும்பிட்டார்.

5. சொல்வதா, விடுவதா

தமிழ்க் குடும்பங்களில் இதுதான் பெரிய சிக்கல். "அப்பாவுக்குச் சொல்லாதே, மனம் உடைந்துவிடுவார்." எங்கள் சித்தி சொன்னார், மாமா சொன்னார், கனடாவிலிருந்து அண்ணாவும் சொன்னான். அதனால் வீட்டில் 'குடலில் ஒரு புண்' என்று சொல்லி வைத்தோம். ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினோம்.

இரண்டாம் தரம் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நுகேகொடைச் சந்தியில் ஓட்டோ சிவப்பு விளக்கில் நின்றது. அப்பா வெளியே பார்த்தபடி சொன்னார்: "எனக்குச் சிங்களம் தெரியாதெண்டு நினைச்சியோ பிள்ளை?" முப்பது வருடம் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த மனிதர். 'பிளிகா' என்றால் புற்றுநோய் என்று அவருக்குத் தெரியாதா? முதல் நாள் வார்ட்டிலேயே அந்தச் சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் வருந்துவோம் என்று ஐந்து வாரமாகத் தனியாக வைத்திருந்திருக்கிறார். எங்களுக்காக அவர் நடித்தார், அவருக்காக நாங்கள் நடித்தோம். அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நோகும்.

அதனால் என் முடிவு தெளிவானது: மறைக்காதீர்கள். ஆனால் தலையில் கொட்டவும் வேண்டாம். முதலில் கேளுங்கள்: "அப்பா, டாக்டர் சொல்வதெல்லாம் உங்களுக்கும் தெரிய வேண்டுமா, இல்லை நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?" சிலர், "நீங்களே பாருங்கள், எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்பார்கள். அதுவும் அவருடைய விருப்பம்தான், அதற்கும் இடம் கொடுங்கள். தெரிய வேண்டும் என்றால் சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். எத்தனை மாதம் என்று அவரே கேட்டால் ஒழிய எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை. டாக்டராலேயே சரியாகச் சொல்ல முடியாத எண் அது.

தெரிந்த பிறகு அப்பா செய்தவற்றைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் அம்மாவின் பெயரையும் சேர்த்தார். நொத்தாரிசிடம் போய் மரண சாசனம் எழுதினார். யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். மூச்சு நிற்கும் நேரத்தில் மெஷினில் போட வேண்டாம் என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். இவை எல்லாம் அவருக்குத் தெரிந்ததால் மட்டுமே நடந்தவை. அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வைத்தால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். எழுதியவர் இறந்த கணமே அது செல்லாமல் போய்விடும். சாசனம் வேறு.

6. காய்ச்சல்: இதை மட்டும் மறக்க வேண்டாம்

மற்ற எதையும் மறந்தாலும் இந்தப் பகுதியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ ஏற்றி ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்து போகும். அந்த நேரத்தில் உடம்பு 100.4 பாகை பரனைட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. சில மணி நேரத்திலேயே கிருமி இரத்தத்தில் பரவி உயிரை எடுத்துவிடலாம். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. இரவு இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வந்து பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "கீமோ எடுப்பவர், இத்தனையாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லிக் கார்டைக் காட்டுங்கள். சாதாரணக் காய்ச்சல்காரரோடு வரிசையில் இருக்க விடாதீர்கள்.

நான் ஒரு பிழை விட்டேன். மூன்றாம் தரத்துக்குப் பிறகு ஓர் இரவு அப்பாவின் உடம்பு சுட்டது. அளந்து பார்க்காமல் இரண்டு பனடோல் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்தது, நிம்மதியாகப் படுத்தேன். விடிய நாலு மணிக்கு அவர் நடுங்கத் தொடங்கியபோது பெட்ஷீட்டே அசைந்தது. பனடோல் காய்ச்சலை மறைத்ததே தவிர, கிருமியை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் வார்ட்டில் ஊசி ஏற்றித்தான் வந்தார். அதனால் சொல்கிறேன்: முதலில் தேர்மோமீட்டர், பிறகு போன், டாக்டர் சொன்னால் மட்டும் பனடோல். தேர்மோமீட்டர் இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்றின் பட்டரி எப்படியும் அன்றைக்குத்தான் தீரும்.

கொழும்பில் இன்னொன்றும் உண்டு, டெங்கு. கீமோவாலும் பிளேட்லெட் குறையும், டெங்குவாலும் குறையும். காய்ச்சலுக்கோ உடம்பு நோவுக்கோ டைக்ளோபெனாக், இபுபுறோபன், அஸ்பிரின் போன்றவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், இரத்தப் போக்கு வரும். பகலிலும் நுளம்பு வலை போடுங்கள்.

காய்ச்சல் தவிர, உடனே ஓட வேண்டிய வேறு அறிகுறிகளும் உண்டு. முதுகு நோவோடு கால் பலம் இழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது: நோய் முள்ளந்தண்டை அழுத்தும்போது இப்படி வரும், ஒரு நாள் பிந்தினாலும் நடை திரும்பாமல் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் மூச்சு முட்டல்: இரத்தக் கட்டியாக இருக்கலாம். திடீரென்று ஆட்களைக் குழம்பிப் பேசுவது, ஒரு நாளில் ஐந்தாறு தரத்துக்கு மேல் வயிற்றால் போவது. இவற்றுக்கும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

7. சாப்பாடு

ஊரெல்லாம் ஆலோசனை சொல்லும் இடம் இது. "சீனி கொடுக்காதே, புற்று வளரும்" என்பார்கள். "இறைச்சி ஆகாது" என்பார்கள். அன்னமுன்னா இலைக் கசாயத்தைப் போத்தலில் கொண்டுவந்து தருவார்கள். அன்பால் செய்வதுதான், நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், கொடுக்க வேண்டாம். கீமோ மருந்துகள் பலவற்றை உடம்பிலிருந்து கழிக்கும் அதே ஈரலுக்குக் கசாயமும் போய்ச் சுமையாகலாம். எதையும் டாக்டரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

நோயாளிக்கு வேண்டியது பலம். ஆசைப்பட்டதை, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மூன்று வேளை கோப்பை நிறையப் போட்டு முன்னால் வைத்தால் மணத்துக்கே வயிறு பிரட்டும். எங்கள் வீட்டில் எடுபட்டவை: முட்டை அடித்த சூப், மீன் சொதியும் இடியப்பமும், பயற்றங்கஞ்சி, பப்பாசி, தயிர். வாய்க்குள் புண் வந்தபோது உறைப்பும் தேசிக்காயும் விட்டுவிட்டு, உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் நாளுக்கு நாலு தரம் கொப்பளித்தார். வெள்ளை அணு குறைந்த நாட்களில் வல்லாரைச் சம்பல், பச்சைச் சலட், கடைச் சாப்பாடு தவிர்த்தோம். வயிற்றால் போனால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு தரும் டெக்ஸாமெதசோன் இரண்டு மூன்று நாள் சீனியை நன்றாக ஏற்றிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். அந்த நாட்களில் குளுக்கோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். 300 என்று கண்டதும் நான் பயந்துபோய்ச் சோற்றை நிறுத்தினேன். அதற்கு டாக்டரிடம் கேட்டு மருந்தைச் சரிசெய்திருக்க வேண்டும்.

மருந்து ஏற்றி முதல் இரண்டு நாள், வாந்தி, சிறுநீர் துடைக்கும்போது கையுறை போடுங்கள், டொய்லெட்டை மூடி வைத்துத் தண்ணீர் அடியுங்கள். கட்டிப் பிடிப்பதற்கோ, ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதற்கோ தடை இல்லை. பேரப்பிள்ளைகளை எட்ட நிறுத்தாதீர்கள். தடிமன், இருமல் உள்ள பிள்ளை என்றால் மட்டும் தள்ளி இருக்கட்டும்.

8. வலி

மோர்பின் என்றதும் வீட்டில் எல்லோரும் கலங்கினோம். "அது கடைசி மருந்தல்லவா?" என்று அம்மா அழுதார். அப்படி இல்லை. வலி அந்த அளவுக்கு வந்துவிட்டது என்றுதான் அதன் அர்த்தம். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து வேதனையைத் தாங்க வைப்பதுதான் கொடுமை.

வலி வந்த பிறகு கொடுக்காமல், மணி பார்த்துக் கொடுங்கள். இடையில் வலி குத்தினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்று முன்பே எழுதி வாங்குங்கள். முதல் சில நாள் மயக்கமும் வயிற்றுப் பிரட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மோர்பின் தொடங்கும் அன்றே மலம் இளக்கும் மருந்தும் வேண்டும், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆள் எழுப்பினாலும் எழும்பாமல் மூச்சு மெதுவானால் உடனே ஆஸ்பத்திரிக்கு. திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டரின் துண்டு இல்லாமல் எடுக்க முடியாத மருந்து இது. நீண்ட விடுமுறை வருகிறது என்றால், வெசாக், புதுவருடம் போல, தீர்வதற்கு ஒரு கிழமை முன்பே போங்கள்.

வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் மனக் கலக்கத்துக்கும் என்றே நோய்த் தணிப்புப் பராமரிப்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். கீமோ நின்ற பிறகுதான் அவர்களிடம் போக வேண்டும் என்று இல்லை. கீமோ நடக்கும்போதே போகலாம், அப்படிப் போவதுதான் நல்லது.

9. காசு

இலவச சிகிச்சை என்றாலும் செலவு இருக்கும். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லாத மருந்தை, அவசரமான ஸ்கேனை வெளியில் செய்ய நேரிடும். வெளியில் மருந்து எழுதித் தந்தால் முதலில் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி உண்டு. இப்போது அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். செலவு செய்வதற்கு முன்பே போய் விசாரியுங்கள். அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கிராம சேவகரின் கடிதம் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். அரசாங்க வேலை பார்த்தவர் என்றால் அக்ரஹார காப்புறுதியைப் பாருங்கள். எல்லாப் பில்லின் மூலத்தையும் பைலில் வையுங்கள்.

10. கூடப் பிறந்தவர்களும் நீங்களும்

ஒருவர் மட்டும் டாக்டரோடு பேசட்டும். மற்றவர்களுக்கு அவர் வாரத்துக்கு ஒரு குரல் செய்தி போடட்டும். ஒவ்வொரு இரவும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் தனித்தனியாக அதே கதையைச் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன். தூரத்தில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். அண்ணா மாதா மாதம் ஓட்டோக் காசு முழுவதையும் ஏற்றான், சனிக்கிழமை மாலைகளில் வீடியோவில் அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினான். அந்த ஒரு மணி நேரம் நான் கடற்கரையில் நடந்தேன். யாராவது, "ஏதும் உதவி வேண்டுமா?" என்றால், "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு கொண்டுவாருங்கள்" என்று நாளும் பொருளும் சொல்லுங்கள்.

11. மருந்தை நிறுத்தும்போது

ஒரு நாள் டாக்டர், "இனி கீமோ உடம்பு தாங்காது" என்பார். "கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைக்கத் தோன்றும். நிறுத்துவது அந்த மருந்தை மட்டும்தான், வலிக்கும் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் கவனிப்பு நிற்காது. அன்றே கேளுங்கள்: வீட்டில் வைத்துப் பார்க்க என்னென்ன வேண்டும், இரவில் யாருக்குப் போன் பண்ணலாம், வீட்டில் முடியாவிட்டால் எங்கே சேர்க்கலாம். மகரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன என்ற பராமரிப்பு இல்லம் இருக்கிறது. அப்பா வீட்டையே கேட்டார். கட்டிலை அறையிலிருந்து எடுத்து விறாந்தை யன்னல் ஓரம் போட்டோம், தெருவில் போகிறவர்கள் நின்று கதைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடும் தண்ணீரும் இறங்காது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரைக்கேறும். உதட்டை நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். காது கேட்கும் என்று நினைத்துப் பேசுங்கள்.

வீட்டில் இறந்தால் மரணத்தைக் கிராம சேவகருக்கு அறிவித்து, பதிவாளரிடம் பதிய வேண்டும். மரணத்துக்குக் காரணம் இன்னது என்று எழுதித் தரும் டாக்டர் யார் என்று முன்பே பேசி வையுங்கள், அந்த நேரத்தில் தேடி ஓட முடியாது. டயக்னோசிஸ் கார்டும் அடையாள அட்டையும் பைலின் முன்பக்கத்துக்கு வரட்டும். மிஞ்சிய மோர்பினை வீட்டில் வைக்காமலும் யாருக்கும் கொடுக்காமலும், எண்ணி எழுதி, தந்த ஆஸ்பத்திரியின் பாமசியிலேயே திருப்பிக் கொடுங்கள். நான் முப்பத்தொராம் நாள் கழிந்து 138இல் ஏறிப் போய்க் கொடுத்தேன். பதினாறு குளிசை இருந்தது.